ஓட்டை மெடல்

பக்தவத்சலம் வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் போக மாட்டார். தாபோடியில் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள பழைய சால் அது. முற்றத்துக் குழாயடியில் நின்று சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் அமுக்குவார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். நகக்கண்ணைத் தேய்க்க ஒரு பழைய பல் பிரஷ் தனியாக வைத்திருந்தார். மழை கொட்டினாலும் குளித்து, வேறு துணி உடுத்திய பிறகுதான் வாசற்படியைத் தாண்டுவார். அதற்குள் மகன் கோகுல்நாத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுது ஓய்ந்திருப்பான்.

"புள்ள தொண்டத்தண்ணி வத்தக் கத்தறான். ஒருவாட்டி தூக்கிட்டு அப்பால போய் குளிச்சா இன்னாவாம்?" என்பாள் கிரிஜா.

"கம்பெனி அழுக்கோட தூக்கச் சொல்றியா? இது வெறும் அழுக்கு இல்லடி, காரீயம்."

பக்கத்து வீட்டு ஷீலா மராத்தியில் கேலி செய்வாள். இந்த மனுஷன் குளிப்பதைப் பார்த்தால் டூட்டிக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இல்லை, சாவுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருக்கிறது என்பாள். பக்தவத்சலம் சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பு ஊற்றிக்கொள்வார்.

சிஞ்ச்வடில், இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு டை ஷாப்பில் வேலை. டை என்றால் எஃகில் தலைகீழாக வெட்டிய பள்ளம். பழுத்த இரும்பை அதில் வைத்துச் சம்மட்டியை இறக்கினால் பாகம் உருவாகிவிடும். ஆனால் புது டையில் எடுத்த எடுப்பில் இரும்பை அடிக்க மாட்டார்கள். இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்கி, காரீயத்தை உருக்கி ஊற்றி, ஆறிய பிறகு எடுத்து அளந்து பார்ப்பார்கள். காரீயம் சாது. சொன்னபடி கேட்கும், எந்த மூலை முடுக்குக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சட்டி பக்தவத்சலத்தின் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். பெரியவன் வயிற்றில் காரீயம் போனால் வியாதி, குழந்தை வயிற்றில் போனால் மூளை என்பார். மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே பாக்குப் பொட்டலம் பிரிப்பார்கள். பக்தவத்சலத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவருக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது.

அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய மெடல். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பழைய சாமான் சந்தையான ஜூனா பஜாருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே நாணயம் தேடுகிறவர்கள் ஏராளம். இவர் நாணயத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பாலம் திறந்த ஞாபகத்துக்கு, பட்டாபிஷேகத்துக்கு, வேளாண்மைக் கண்காட்சிக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று அந்தக் காலத்தில் அடித்துக் கொடுத்த வெண்கல மெடல்கள்தான் வேண்டும். ஒரு பெண்ணின் மடிப்புத் துணியும் குதிரையின் பிடரி மயிரும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எப்படி வந்தன என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எஃகில் அதைத் தலைகீழாக வெட்டியவன் தன் தொழில்காரன் என்று அவருக்கு ஒரு பெருமை. கிரிஜாவின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய நீலப் பட்டை உள்ளே ஒட்டி, குழி குழியாக ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். மெடலை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் கையுறை போட்டு. ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு விளக்கோடு விளக்காக ஒரு மெடலையும் கிரிஜா பீதாம்பரிப் பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஓட்டை போட்ட மெடல் என்றால் இன்னும் மோசம். சங்கிலியில் கோக்க எவனோ துளைத்ததை அவர் கையால் தொடவும் மாட்டார்.

"ஓட்ட இருந்தா அது மெடல் இல்ல, பட்டன்," என்பார்.

அப்படி ஒரு பட்டன்தான் இந்த வீட்டுக்குள் வந்தது. ஜூனா பஜாரில் தார்ப்பாய் விரித்துக் கடை போடும் முகமது ரஃபீக், வேறொரு மெடல் வாங்கியபோது கொசுறாகக் கொடுத்தது. பழைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் பெரியது, பொன் நிறம், உச்சியில் ஓட்டை. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் சுற்றியிருக்கும் பாம்பு, அவள் நீட்டிய கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை. பின்பக்கம் நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ சுகாதாரக் கண்காட்சியின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. பக்தவத்சலம் ஓட்டையைப் பார்த்தார், வேறெதையும் பார்க்கவில்லை. கிரிஜாவிடம் தூக்கிப் போட்டார்.

"வெள்ளக்காரங்க கதையில வர்ற வைத்திய தேவதை. வெச்சிக்கோ."

கிரிஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாம்பு கீது, பால் கிண்ணம் கீது, காலாண்ட புள்ள கீது. எங்க நாகாத்தம்மா இல்லாம இவ யாராம்? வெள்ளக்காரன் நாக்காலி போட்டு உக்கார வெச்சிட்டான், அவ்ளோதான்."

வாலாஜாபேட்டைப் பக்கம் அவள் பிறந்த ஊர்ப் புற்றில் பிள்ளை வரம் கேட்டு முட்டை வைத்துவிட்டு வந்திருந்த சமயம் அது. மெடல் வீட்டுக்கு வந்த கையோடு அவளுக்கு நாள் தள்ளிப் போயிற்று. அதற்குப் பிறகு அது யார் என்று அவளிடம் யாரும் வாதாட முடியாது. பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றே கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டாள். பக்தவத்சலத்துக்கும் சந்தோஷம்தான். பெட்டியில் இடமில்லாத மெடலுக்குப் பிள்ளையின் நெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது.

பல் முளைக்கிற வயதில் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டான். அழும்போது, தூக்கத்துக்கு, சும்மா இருக்கும்போது என்று எந்நேரமும் வாயில் மெடல்தான். "நாகாத்தம்மா இனிக்கறா போல கீது இவனுக்கு," என்று கிரிஜா சிரிப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் வைத்து, கிண்ணத்தில் வைத்துப் பால் ஊற்றுவாள். அபிஷேகப் பாலில் பிள்ளைக்கு ஒரு வாய். மீதியை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்துவிடுவாள்.

இந்த ஆடியில் வீட்டுக்குள் வேறு மாதிரிக் காற்று வீசியது.

மழை விடாமல் பெய்தது. ஆற்றில் செம்மண் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கணபதி விழாவுக்கு இன்னும் நாள் கிடந்தது, ஆனால் கரையோரத் தகரக் கொட்டகையில் பையன்கள் சாயங்காலமானால் டோல் மேளம் பழக ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சத்தம் சாலின் சுவர்களுக்குள் புகுந்து பாத்திரங்களை அதிரவைக்கும். போன வருஷம் அந்தச் சத்தத்துக்குக் கைதட்டி ஆடிய கோகுல்நாத் இந்த வருஷம் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டான். அவனுக்கு இரண்டு வயது ஆகப் போகிறது. 'ப்பா', 'தண்ணி', 'காக்கா' என்று பத்து வார்த்தை பேசிக்கொண்டிருந்தவன். அவை ஒவ்வொன்றாக எங்கோ போய்விட்டன. முதலில் காக்கா போயிற்று. இப்போது தண்ணீருக்குக்கூடக் கையைத்தான் காட்டுகிறான். முகம் வெளிறிப்போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான், சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். நடக்கிறவன் கால் தடுக்கி விழுந்தான். தெருமுனை டாக்டர் முதலில் பூச்சி மருந்து கொடுத்தார், பிறகு ரத்தம் ஊற டானிக் கொடுத்தார்.

ஆடி வெள்ளி அன்று கிரிஜா கேழ்வரகுக் கூழ் காய்ச்சியிருந்தாள். வெங்காயம், மோர் மிளகாய், பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல். பக்தவத்சலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாப்ட்டானா?"

"எங்க? ரெண்டு வாய் கூழு வாங்கினான், அப்டியே துப்பிட்டான். மெடல மட்டும் வுட மாட்றான்." அவள் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "இத்தப் பாருங்க. அம்மன் எப்டி கறுத்துக்கினு வரா."

பொன் நிறம் போய் மெடல் மங்கலாகச் சாம்பல் பூத்திருந்தது. இருட்டுக்குள் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எச்சில் பட்டா கறுக்கத்தான் செய்யும்."

"எச்சில் இல்லங்க. புள்ள மேல வுழுந்த கண்ணெல்லாம் அவ வாங்கிக்கிறா. ஒம்போது வருசம் இல்லாம பொறந்தவன்னு இந்த சால்ல எத்தினி பேரு கண்ணு வெச்சிருப்பாங்க! அவ மட்டும் கழுத்துல இல்லன்னா இவன் இன்னேரம்…"

"சும்மா இரு. இன்னாத்துக்கு அப்டி எல்லாம் பேசற?"

"பயமா கீதுங்க எனக்கு. ராத்திரில அவன் மூக்காண்ட கைய வெச்சி வெச்சிப் பாக்கறேன்."

பக்தவத்சலம் கூழைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம்தான், வேறொரு பயம். "கிரிஜா, ஒண்ணு கேக்கறேன், நெசமா சொல்லு. நான் எப்பவாச்சும் குளிக்காம இவன தூக்கினேனா? என் டூட்டி சட்டைய இவன் தொட்டானா?"

"நீங்களா? உங்க சட்டைய நானே குச்சியால எடுக்கறேன். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஷீலா வாசலில் வந்து நின்றாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு அவள் வழக்கம்போலக் கேலி பேசவில்லை. இனியும் காத்திருக்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனாள். கிரிஜாவுக்கு அது பிடிக்கவில்லை.

"செவ்வாக்கெழம நாகபஞ்சமி வருது. அவளுக்கு வேண்டிக்கினு கீறேன். அன்னிக்கு அபிசேகம் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிரும். அதுக்கு அப்பால எங்க வேணா போவலாம்."

அவளுக்கு நாகபஞ்சமி வரைக்கும் காத்திருக்க இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாம் மாதமாக அவளுக்கு மறுபடியும் நாள் தள்ளிப் போயிருந்தது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அம்மனுக்குப் பால் ஊற்றி, அந்தப் பாலைக் குடித்துவிட்டு, அவள் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தாள். அம்மன் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டே இன்னொன்றையும் கொடுத்திருக்கிறாள். அவளிடம் எப்படிச் சந்தேகப்பட முடியும்? அன்றைக்குப் பாலில் கொஞ்சம் எலுமிச்சை பட்டுத் திரிந்திருந்தது. அதையும் வீணாக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வாய் புகட்டிவிட்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை சற்று விட்டது. கிரிஜா அரைமனதாக இறங்கிவந்து, பிள்ளைக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி என்று ஒருவழியாக முடிவாகியிருந்தது. வீட்டில் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல் பக்தவத்சலம் ரயிலேறி சிவாஜிநகரில் இறங்கி ஜூனா பஜாருக்கு நடந்தார். வாங்குகிற மனநிலை இல்லை. கால் பழக்கம்.

ரஃபீக்குக்குப் பூர்வீகம் வாணியம்பாடி. கேம்ப் பகுதியில் குடியிருந்தாலும் தமிழ்க்காரர் வந்தால் அவர் முகம் மலரும். துருப்பிடித்த பூட்டுகள், கேமராக்கள், பித்தளைத் தாழ்ப்பாள்களுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா அண்ணாத்தே. இன்னா மூஞ்சி இப்பிடி கீது? ச்சாய் சொல்லட்டா?"

"வாணாம் பாய். புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல."

"இன்னும் சரியாவலியா? யா அல்லா. எப்பிடி கீறான்?"

வாயால் சொல்வதற்குப் பதில் பக்தவத்சலம் முந்தின நாள் எடுத்த போட்டோவை மொபைலில் காட்டினார். கிரிஜாவின் மடியில் சாய்ந்திருக்கும் பிள்ளை, கண்ணுக்கடியில் கருவளையம், உதட்டோரம் கறுப்புக் கயிறு, தாடையில் ஒட்டிக்கொண்டு மெடல். ரஃபீக் மொபைலை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். விரலால் விரித்துப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"அண்ணாத்தே, இது நான் குடுத்த கொசுறுதானே?"

"ஆமா. ஓட்ட மெடல்."

"ஓட்ட மெடலா? இரு." அவர் குரல் தாழ்ந்தது. "விமான் நகர்ல சுந்தரராமன்னு ஒரு சார் கீறாரு, கம்ப்யூட்டர் வேல. இந்தக் கண்காட்சி மெடலு எங்க கெடச்சாலும் சொல்லுன்னு மாசக்கணக்கா என்னப் புடுங்கறாரு. வெண்கலத்துல அடிச்சது அவராண்ட கீது. அதோட படத்த அனுப்பினாரு. அதுல பேரு எல்லாம் முழுசா கீது. உன்னோடதுல நான் குடுத்தப்பவே கீழ டை வெட்டினவன் பேரு இல்ல, நெனப்பு கீதா? அப்ப டைய இன்னும் வெட்டி முடிக்கல. இங்க பாரு, மொலாம் போன எடத்துல உள்ள இன்னா நெறம்?"

பக்தவத்சலம் பார்த்தார். மங்கலான சாம்பல். அவருக்குத் தினமும் பார்க்கிற நிறம்.

"காரீயம்," என்றார்.

"அதான் நானும் சொல்றேன். உனக்கு நான் சொல்லணுமா? டை வெட்றவன் நடுவுல ஒண்ணு காரீயத்துல அடிச்சிப் பாப்பான் இல்ல? சரியா வந்துச்சான்னு? பாத்துட்டு ஓட்ட போட்டு ஆணில மாட்டி வெச்சிருப்பான். அப்பால எவனோ விக்கறதுக்கோசரம் மேல மொலாம் பூசிட்டான். ஒலகத்துல இது ஒண்ணுதான்பா இருக்கும். ஒண்ணே ஒண்ணு!"

பக்தவத்சலத்தின் உடம்பு புல்லரித்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு பட்டறையில் ஒருவன், இவர் தினமும் செய்கிற அதே காரியத்தைச் செய்திருக்கிறான். டையில் காரீயத்தை அமுக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பாம்பின் கழுத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவன் கை பட்ட துண்டு தன் வீட்டில் இருக்கிறது. தான் எந்த ஓட்டையைக் கேவலமாகப் பார்த்தாரோ, அதுவேதான் அதற்கு அத்தாட்சி.

"சார்க்கு போன் போடட்டா?"

"போடு… வாணாம், இரு. நான் மொதல்ல போய்ப் பாக்கறேன்."

அந்தப் போட்டோவில் ஒரு பிள்ளையும் இருந்தான். இரண்டு பேருமே அவனைப் பார்க்கவில்லை. ரஃபீக்கைக் குறை சொல்ல முடியாது, அவர் வியாபாரி. ஆனால் தகப்பன்?

தகப்பன் ரயிலில் வாசற்பக்கம் நின்று சாரலில் நனைந்துகொண்டே வந்தார். பெட்டியில் எந்தக் குழி என்று யோசித்தார். நடுவில் இருக்கும் பாலம் மெடலை ஓரத்துக்கு மாற்றிவிட்டு இதை நடுவில் வைக்கலாம். கிரிஜாவுக்கு வேறொரு நாகாத்தம்மனை வெள்ளியிலேயே செய்து கொடுத்துவிட வேண்டும். கட்கி ஸ்டேஷன் தாண்டிப் பாலத்தில் வண்டி ஏறியபோது கீழே ஆறு கரை புரண்டு ஓடியது. அதைப் பார்த்துக்கூட அவருக்குப் பிள்ளையின் ஞாபகம் வரவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அது.

வீட்டில் கிரிஜா மத்தியானச் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொட்டகையில் பகலிலேயே டோல் ஆரம்பித்துவிட்டது. கோகுல்நாத் பாயில் ஒருக்களித்துப் படுத்து மெடலைச் சப்பிக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை.

"கிரிஜா! அந்த மெடல் இன்னா தெரியுமா? காரீயம்டி! ட்ரையல் பீசு! உலகத்துலயே ஒண்ணுதான் கீதாம்!"

பஜாருக்குப் போய் வந்தாலும் அவருக்குக் குளியல் உண்டு, இன்று குளிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் செருப்பை மட்டும் உதறிவிட்டு உள்ளே வந்தார். பிள்ளையின் வாயிலிருந்து மெடலை மெல்ல இழுத்தார். அவன் உறுமுவதுபோல அழுதான். கயிறு கழுத்திலேயே இருக்க, மண்டியிட்டு மெடலைச் சட்டை நுனியால் துடைத்து, பூதக்கண்ணாடியை வைத்தார்.

பாம்பு இல்லை.

பெண்ணின் கை இருந்தது, கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தை வெறும் புடைப்பாக இருந்தது. அம்மன் முகத்தில் கண்ணில்லை, மூக்கில்லை. விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பல் தடம்.

"ஐயையோ, முகம் போச்சே! பாம்பு எங்கடி போச்சு? இன்னா பண்ணித் தொலைச்ச? புளி போட்டுத் தேச்சியா?"

"வெள்ளிக்கு வெள்ளி தேக்கறதுதானே? இன்னாத்துக்குக் கத்தறீங்க?"

"உன்ன யாரு தேக்கச் சொன்னா? எவ்ளோ அழகா இருந்துச்சி! அந்தப் பாம்போட செதிலு ஒவ்வொண்ணும் தெரியும்! எங்கடி போச்சு அது?"

கிரிஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது. சோற்றுக் கரண்டியோடு திரும்பினாள். "எங்க போவும்? பல்லு மொளச்சதுலேந்து ராவும் பகலும் அவன்தானே சப்பறான்? அவன் வயித்துக்குள்ளதான் போயிருக்கும். போவட்டுமே! அம்மன் புள்ள வயித்துல போய் உக்காந்தா உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

டோல் ஒரு வரிசை அடித்து நின்றது.

பக்தவத்சலம் பூதக்கண்ணாடியை இறக்கினார். பிள்ளையின் வாயைப் பார்த்தார். கீழ் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். பல் முளைத்த ஈறின் ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி நீலக் கறுப்பில் ஒரு கோடு. பாதுகாப்பு அதிகாரி வருஷா வருஷம் சுவரில் மாட்டிக் காட்டும் படத்தில் அதே கோடு உண்டு.

"இன்னாங்க? இன்னா ஆச்சி?"

அரிவாள்மனையை இழுத்துப் பிள்ளையின் கழுத்துக் கயிற்றை அறுக்கப் போனார். கிரிஜா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வுடுங்க! ஆடி மாசத்துல அறுக்கறீங்களே! நாளைக்கழிச்சி பஞ்சமி! அவள அறுத்தா புள்ள செத்துருவான்!"

"அவதான்டி சாவடிக்கறா!"

"ஐயோ, வாயக் கழுவுங்க!"

"கிரிஜா, கேளு. நான் தெனமும் குழாயடில இன்னாத்த கழுவறேன்? நகத்துல இருக்கற துளிய எதுக்குத் தேச்சித் தேச்சி எடுக்கறேன்? அதே காரீயம்டி. வாசல்ல நான் கழுவிக்கினு இருந்தேன். உள்ள இவன் அதத் தின்னுக்கினு இருந்தான்." மெடலை விரலால் தூக்கிப் பார்த்தார். "நான்தான் தூக்கி உன்கிட்ட போட்டேன். கையில வெச்சப்ப கனமா இருந்துச்சி. ஓட்டயப் பாத்தேன், கனத்தப் பாக்கல."

கிரிஜா கையை விட்டாள். அவர் கயிற்றை அறுத்தார். பிள்ளை மெடலுக்காக இரண்டு கையையும் நீட்டி அழுதான். வார்த்தை இல்லாத அழுகை.

சத்தம் கேட்டு வந்த ஷீலா ஓடிப் போய் ரிக்ஷா கொண்டுவந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரி. இந்தியில் பேசினாள். முதலில் அலுப்போடுதான் கேட்டாள். பிறகு பக்தவத்சலம் கைக்குட்டையைப் பிரித்து மெடலைக் காட்டி, பிள்ளையின் உதட்டை இழுத்துக் காட்டியதும் எழுந்து நின்றுவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள். படத்தில் குடலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரிந்தது. அதை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது கிரிஜா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மனின் முகமும் பாம்பும் அங்கே இருந்தன.

ரத்த முடிவு வரட்டும், ஆனால் காத்திருக்கப் போவதில்லை, இப்போதே சேர்த்துவிடுங்கள் என்றாள் டாக்டர். ரத்தத்தில் இருப்பதை மருந்து கொடுத்து மெல்ல வெளியே கொண்டுவரலாம்.

"பேச்சு?" என்றார் பக்தவத்சலம். "பேசிக்கொண்டிருந்தான். திரும்பப் பேசுவானா?"

டாக்டர் மெடலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள். "தலைக்குப் போனதைப் பற்றி இப்போது நான் எதுவும் சொல்ல முடியாது. பார்க்கலாம்."

பக்தவத்சலத்தின் பையில் மொபைல் அடித்தது. ரஃபீக். சுந்தரராமனிடம் பேசிவிட்டார் போலிருக்கிறது. அவர் எடுக்கவில்லை. அது நின்று மறுபடியும் அடித்தது.

கட்டிலில் பிள்ளை ஊசி ஏறிய கையோடு கிடந்தான். இன்னொரு கை கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது, கயிறு இருந்த இடத்தை. கிரிஜா அந்தக் கையைப் பிடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரப் போனபோது எழுந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க."

"உனக்கு எதுக்கு?" என்றார் பக்தவத்சலம்.

"வெள்ளிக்கெழம அபிசேகப் பாலு. அவனுக்கு ஒரு வாய்தான் குடுப்பேன். மிச்சத்த நான் குடிப்பேன். எல்லா வெள்ளியும்."

"பெரியவங்களுக்கு அவ்ளோ சீக்கிரம் ஒண்ணும் ஆவாது கிரிஜா. அப்பால பாத்துக்கலாம். மொதல்ல இவன…"

"எனக்காகக் கேக்கலங்க." அவள் குனிந்து வயிற்றில் கையை வைத்தாள். "பஞ்சமி அன்னிக்கு அவ முன்னாடி வெச்சி உங்களுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

பக்தவத்சலம் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஒன்பது வருஷம் ஒரு தடவைகூடக் கேட்காமல் ஏங்கிய செய்தி அது. இப்போது அதை இந்தியில் டாக்டரிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். வயிற்றின் மேல் இருந்த கிரிஜாவின் கையைச் சுட்டிக் காட்டினார்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் யாரும் முதலில் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு ஊசி எடுத்து வரச் சொன்னாள். பிறகு எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டாள்.